கைகர் கவுன்ட்டர் கிட்டு: ஒண்ணு வாங்காதீங்க, வாங்கினா ரெண்டா வாங்குங்க

மூணு பேரு தனித்தனியா கேட்டுட்டாங்க, அந்த ரேடியேஷன் கிட்டு எப்படி இருக்கு, காசு போட்டா தேறுமான்னு. அதனால ஒரே தடவையா எழுதி வெச்சிடறேன். ஆறு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதறேன், பெட்டிய பிரிச்ச அன்னிக்கே எழுதற ரிவ்யூ இல்ல. அன்னிக்கே எழுதியிருந்தா அஞ்சு ஸ்டார் போட்டிருப்பேன், ரெண்டாவது வாரம் எழுதியிருந்தா திட்டித் தீத்திருப்பேன்.

பொருள் கைகர் கவுன்ட்டர், அதாவது கதிர்வீச்ச (ரேடியேஷன) எண்ணற கருவி. சைனாவுல இருந்து வர்ற ஒரு சின்ன போர்டு, மேல ரெண்டு கிளிப்புல ஒரு கண்ணாடி ட்யூபு மாட்டியிருக்கும். ட்யூபு பேரு ஜே305, நம்ம சுண்டுவிரல் தடிமன் தான். 5 வோல்ட்டு குடுத்தா போர்டு அத 400 வோல்ட்டு கிட்ட ஏத்தி ட்யூபுக்கு குடுக்கும், வெளிய இருந்து ஒரு துகள் உள்ள புகுந்து அங்க இருக்கற கேஸ அயனியாக்கினா ஒரு கணம் கரண்டு பாயும், எல்இடி மின்னும், பஸ்ஸர் 'டிக்'குங்கும். அவ்ளோ தான் மெஷினு. 1928ல கைகரும் முல்லரும் செஞ்ச ட்யூபுக்கும் இதுக்கும் அடிப்படையில பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல.

வாங்கினது சென்னையில எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கற ரிச்சி ஸ்ட்ரீட்ல. ஆன்லைன்லயும் கிடைக்குது, ஆனா கண்ணாடி ட்யூபு, கொரியர்காரரு தூக்கிப் போடறத நெனச்சா பயமா இருந்துச்சு. ஆலந்தூர்ல மெட்ரோ ஏறி கவர்மென்ட் எஸ்டேட்ல இறங்கி நடந்து போயிட்டேன். நாலு கடையில "கைகர் கவுன்ட்டர்"னதும் "அது இன்னா சார், நோட்டு எண்ற மெஷினா?"ன்னாங்க. அஞ்சாவது கடை, மாடியில, படி ஏறவே ஒரு ஆள் தான் போலாம், அங்க ஆர்டுயினோ (ப்ரோகிராம் ஏத்தற சின்ன கம்ப்யூட்டர் போர்டு), சென்சார் எல்லாம் தொங்கவிட்டிருந்த ஒரு அண்ணன் "ரேடியேஷன் போர்டா, ரெண்டு பீஸ் கெடக்கு, யாரும் கேக்கல"ன்னு உள்ள இருந்து தூசி தட்டி எடுத்தாரு. 3,200 சொன்னாரு, 3,000க்கு முடிஞ்சுது. டெஸ்ட் பண்ணி காட்டுங்கன்னேன், ஒரு யுஎஸ்பி ஒயர சொருகினாரு, கடை நடுவுல டிக்... டிக் டிக்... னு கேட்டுச்சு. பக்கத்துல கீபோர்டு வாங்க வந்த பையன் ரெண்டு அடி பின்னாடி போயிட்டான், "அண்ணே எதுனா லீக்கா?"ன்னு. லீக் இல்ல தம்பி, எப்பவும் எல்லா இடத்துலயும் இருக்கறது தான், இப்ப தான் சத்தம் கேக்குதுன்னேன். நம்பின மாதிரி தெரியல.

இனி குறைங்க, நிறைய இருக்கு.

கூட வர்ற பேப்பர்ல ஒண்ணும் இல்ல. போர்டுல மூணு பின்னு இருக்கும், கிரவுண்டு, 5 வோல்ட்டு, மூணாவதுல "விஇன்"னு அச்சடிச்சிருக்கு. பாத்தா என்ன தோணும், கரண்டு உள்ள குடுக்கற பின்னுன்னு தானே? இல்ல, அது தான் பல்ஸு, அதாவது ஒவ்வொரு டிக்குக்குமான சிக்னல், வெளிய வர்ற பின்னு. அத ஆர்டுயினோவோட இன்டரப்ட் பின்னுல (சிக்னல் வந்த உடனே கவனிக்கற பின்னு) குடுக்கணும். இது தெரியாம ஒரு முழு சனிக்கிழமை போச்சு.

அடுத்தது தப்பு என்னோடது, கிட்டு மேல பழி போட மாட்டேன். ட்யூபுக்கு சரியா 400 வோல்ட்டு போகுதான்னு பாக்க சாதாரண மல்டிமீட்டர வெச்சேன், 240னு காட்டுச்சு. அடப்பாவி கம்மியா இருக்கேன்னு போர்டுல இருந்த ப்ரீசெட்ட (வோல்ட்டேஜ ஏத்தி இறக்கற குட்டி திருகு) திருகினேன், 300, 330, இன்னும் கொஞ்சம், திடீர்னு டிக் டிக் எல்லாம் போய் கீஈஈன்னு ஒரே சத்தம், ட்யூபுக்குள்ள ஊதா கலர்ல ஒரு வெளிச்சம் நிக்குது. அணைக்கறதுக்குள்ள ட்யூபு காலி, அதுக்கப்புறம் எந்த வோல்ட்டேஜுல வெச்சாலும் கண்டபடி கத்துது. விஷயம் என்னன்னா மல்டிமீட்டரோட உள் ரெசிஸ்டன்ஸ் 10 மெகா ஓம் தான், இந்த சப்ளைக்கு அதுவே பெரிய பாரம், மீட்டர வெச்சவுடனே வோல்ட்டேஜு தொங்கிடும். மீட்டர் 330 காட்டும்போது நெசமா அதுக்கு எவ்ளோ மேல இருந்துச்சோ. சரியான வழி, 10 மெகா ஓம் ரெசிஸ்டர் 99 எண்ணம் வரிசையா கோத்து அதுக்கு பின்னாடி மீட்டர வெக்கறது, அப்ப மீட்டர் காட்டறது நூத்துல ஒரு பங்கு. ரிச்சி ஸ்ட்ரீட்ல நூறு ரெசிஸ்டர் ஒரு பாக்கெட்டா தான் தர்றாங்க, அதுல 99 எண்ணத்த டாட் போர்டுல (ஓட்டை போட்ட சர்க்யூட் அட்டை) வரிசையா சால்டர் பண்ணி உக்காந்திருந்தேன், எங்கம்மா பாத்துட்டு "என்னடா இது, மல்லிப்பூவா கட்டற?"ன்னாங்க. மீதி ஒரு ரெசிஸ்டர் இன்னும் டேபிள் மேல கெடக்கு.

தனி ட்யூபு வாங்கி போட்டேன், ப்ளஸ் மைனஸ் பாத்து மாட்டணும், திருப்பி மாட்டினா கெட்டுரும். இப்ப நல்லா ஓடுது, நிமிஷத்துக்கு 25 சொச்சம் டிக்கு. மொட்டை மாடிக்கு எடுத்துட்டு போனேன், மத்தியானம் ஒரு மணி, மே மாச வெயிலு, வெச்ச உடனே 25 எகிறி 300! நெஞ்சு படபடன்னு ஆயிடுச்சு, கீழ ஓடி வந்து வெச்சேன், 25. மறுபடி மேல, 300. அரை மணி நேரம் நான் என்னென்னவோ கற்பனை பண்ணிட்டேன், கடைசியில பாத்தா கண்ணாடி ட்யூபு மேல நேரா வெயில் பட்டா அதுல இருக்கற புற ஊதா வெளிச்சமே உள்ள எலக்ட்ரான தட்டி விட்டு போலி டிக்க கிளப்புது. கறுப்பு இன்சுலேஷன் டேப்ப சுத்தினேன், மேலயும் 25 தான். பெட்டியில ஒரு கறுப்பு குழாய் குடுக்க என்ன செலவாயிட போகுது அவனுக்கு?

மிக்ஸி போட்டாலும் மோட்டாரோட மின் இரைச்சல்ல எண்ணிக்கை எகிறும். இது எல்லா வீட்டுலயும் நடக்குமான்னு தெரியாது, எங்க வீட்டு மிக்ஸி பழசு, சட்னி அரைக்கற அரை நிமிஷத்துல நாப்பது டிக்கு கூடுதலா விழுந்துச்சு. தேங்காயில ரேடியேஷன்னு வாட்ஸப்புல போட்டா ஒரு மணி நேரத்துல ஊரே பரப்பிடும். போர்ட இரும்பு பிஸ்கட் டப்பாவுக்குள்ள வெச்சு டப்பாவ கிரவுண்டோட சேத்ததும் நின்னுச்சு. சென்னை புழுக்கத்துக்கு இன்னொண்ணும் பண்ணணும், போர்டு அடியில காஞ்சு கெடக்கற ஃப்ளக்ஸ (சால்டர் பண்ணும்போது போட்ட பசை) ஐசோப்ரொபைல் ஆல்கஹால் போட்டு ப்ரஷ்ஷால தேச்சு கழுவிட்டு, ஹை வோல்ட்டேஜு பக்கம் ரெண்டு கோட்டு நெயில் பாலிஷ் அடிச்சிடுங்க. இல்லன்னா ஈரத்துல வோல்ட்டேஜு கசிஞ்சு ராத்திரிக்கு ஒரு கணக்கு பகலுக்கு ஒரு கணக்கு காட்டும்.

இப்ப முக்கியமான குறை. கூட வர்ற ப்ரோகிராம ஏத்தினா ஸ்க்ரீன்ல "மைக்ரோசீவர்ட்"னு (உடம்புக்கு எவ்ளோ கதிர்வீச்சுங்கற அளவு) ஒரு நம்பர் வரும், பாயின்டுக்கு அப்புறம் மூணு டிஜிட்டோட, பெரிய லேப் ரிசல்ட் மாதிரி. அத நம்பாதீங்க. ப்ரோகிராம் பண்றது டிக்க எண்ணி ஒரு எண்ணால பெருக்கறது மட்டும் தான். அந்த எண்ண ஒரு இடத்துல 0.0065ங்கறாங்க, இன்னொரு இடத்துல 0.0081ங்கறாங்க, ரெண்டும் ஜே305க்கு தான். எது சரின்னு முடிவு பண்ணணும்னா அளவு தெரிஞ்ச சோர்ஸ் (கதிர்வீச்சு விடற பொருள்) வெச்சு ஒப்பிட்டு காலிபரேட் பண்ணணும், அது நம்ம கையில இல்ல. எங்க மேல் வீட்டு மாமா இத பாத்துட்டு "கல்பாக்கத்துல எதாவது ஆனா இது காட்டிக் குடுக்கும்ல?"ன்னு கேட்டாரு. காட்டும்னு சொல்ல ஆசை தான் மாமா, ஆனா இத நம்பி ஒரு முடிவும் எடுக்கக் கூடாது. ரேடியேஷன் ரொம்ப ஜாஸ்தியா இருந்தா ட்யூபு ஒரு பல்ஸுல இருந்து எந்திரிக்கறதுக்குள்ள அடுத்தது வந்து விழும், எண்ணிக்கை திணறி கம்மியா கூட காட்டும். உசுருக்கு ஆபத்தான இடத்துல "ஒண்ணும் இல்ல"ன்னு சொல்ற கருவி எதுக்கு உதவும்?

இன்னொண்ணு, ஒரு நிமிஷ கணக்க வெச்சு பயப்படாதீங்க. 25 வர்ற எடத்துல 18ம் வரும் 33ம் வரும், ரெண்டும் சாதாரணம், எண்ணிக்கையோட வர்க்கமூலம் அளவுக்கு ஆடும், 25க்கு 5. நம்ம 29சி பஸ் மாதிரி, அரை மணி ஒண்ணும் வராது, அப்புறம் மூணு சேந்தாப்ல வரும், அதுக்காக டிப்போவுல ஏதோ விபரீதம்னு அர்த்தம் இல்ல. ஒரு ராத்திரி முழுக்க ஓட விட்டு பத்தாயிரம் டிக்கு சேந்தா தான் நூத்துக்கு ஒண்ணு அளவுக்கு துல்லியம்.

ஒத்த கிட்டு வெச்சு என்னென்ன பாத்தேன்னு சுருக்கமா சொல்லிடறேன். வாழைப்பழம், ஒண்ணும் இல்ல, வாழைப்பழத்துல ரேடியேஷன்ங்கற ஜோக்க எல்லாரும் விட்டுடலாம். சோடியம் கம்மியான உப்பு பாக்கெட்டு (அதுல பொட்டாசியம் குளோரைடு இருக்கு), ஒரு மணி நேர சராசரி 25ல இருந்து 31க்கு போச்சு, சின்னது தான் ஆனா நெசம், இயற்கையான பொட்டாசியம் எதுலயும் கதிர்வீச்சு விடற பொட்டாசியம்-40 கொஞ்சம் கலந்தே தான் இருக்கும், கிராமுக்கு செகண்டுக்கு 31 சிதைவு. பாரிஸ் கார்னர் பக்கம் ஒரு பழைய கடையில கிடைச்ச பெட்ரோமாக்ஸ் மேன்டில், ஆறு மடங்கு எகிறிச்சு, தோரியம்ங்கற கதிர்வீச்சு உலோகம் போட்ட பழைய ரகம். அத ஜிப் கவர விட்டு வெளிய எடுக்கல, நீங்களும் எடுக்காதீங்க, பொடிஞ்சு மூச்சுல போச்சுன்னா அது வேற கதை.

எல்லாத்த விட எனக்கு பிடிச்சது மழை. ஆகஸ்ட்ல ஒரு சாயங்காலம் மேற்கு பக்கமா இருட்டிக்கிட்டு வந்து இடியோட கொட்டுச்சு, நின்ன உடனே காரு பானட்ட டிஷ்யூ பேப்பரால துடைச்சு, அத மடிச்சு ட்யூபு மேல வெச்சேன். 70க்கு மேல! அரை மணி கழிச்சு பாத்தா ஏறின அளவுல ஏறக்குறைய பாதி, ரெண்டு மணி நேரத்துல பழையபடி 26. காத்துல இருக்கற ரேடான்ங்கற கதிர்வீச்சு கேஸு சிதைஞ்சு வர்ற ஈயம்-214, பிஸ்மத்-214 ரெண்டையும் மழை வழிச்சு கீழ கொண்டாந்து போடுது, அதுங்களோட அரை ஆயுள் (பாதி சிதையற நேரம்) 27 நிமிஷமும் 20 நிமிஷமும். ஐப்பசியில அடைமழை பிடிச்சப்ப அதே பானட்டு அதே டிஷ்யூ, ஏறவே இல்லன்னு சொல்லலாம். அது கடல்ல இருந்து வர்ற காத்து, ரேடான் வர்றது மண்ணுல இருந்து, கடல்ல இருந்து ரொம்ப ரொம்ப கம்மி. மேகம் எந்த திசையில இருந்து வந்துச்சுன்னு ஒரு டிஷ்யூ பேப்பர் சொல்லுது, இதுக்காகவே 3,000 ரூபாய மன்னிச்சிட்டேன்.

ஆனா இதுக்கெல்லாம் மேல, நான் இத வாங்கினதே காஸ்மிக் கதிர (விண்வெளியில இருந்து பூமி மேல விழற துகள்) பிடிக்க. அதுங்க காத்துல மோதி உண்டாகி மேல இருந்து வர்ற மியூவான் (எலக்ட்ரான் மாதிரி, ஆனா கனமான துகள்), கடல் மட்டத்துல ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிஷத்துக்கு சுமார் ஒண்ணு. சுமார் 15 கிலோமீட்டர் உசரத்துல பொறந்து, 2.2 மைக்ரோசெகண்டு தான் சராசரி ஆயுசு, ஒளி வேகத்துல ஓடினாலும் 660 மீட்டர தாண்டக் கூடாது, ஐன்ஸ்டீன் புண்ணியத்துல, வேகமா ஓடறதால நேரம் நீண்டு நம்ம மடிப்பாக்கம் வரைக்கும் வந்து சேருது. என் ட்யூபோட அளவுக்கு அந்த 25 டிக்குல எட்டு ஒம்பது மியூவானா இருக்கணும். எந்த எட்டு? அது தான் ஒத்த கிட்டால சொல்லவே முடியாது. சுவத்துல இருந்து வர்றதும் 'டிக்'கு தான், வானத்துல இருந்து வர்றதும் 'டிக்'கு தான்.

அதனால திரும்ப ரிச்சி ஸ்ட்ரீட், அதே மாடிப்படி, அந்த ரெண்டாவது பீஸ். அண்ணன் என்ன பாத்ததும் "ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் சார்"னாரு. இல்லண்ணே இன்னொண்ணு குடுங்கன்னதும் நூறு ரூபா அவரே குறைச்சாரு.

ரெண்டு ட்யூபையும் ஒண்ணு மேல ஒண்ணா படுக்க வெச்சிடணும். சுவத்துல இருந்து வர்ற காமா கதிர் பெரும்பாலும் ஒரு ட்யூபுல தான் மாட்டும், மியூவான் ரெண்டையும் துளைச்சுட்டு கீழ போயிட்டே இருக்கும். ரெண்டும் ஒரே நேரத்துல டிக்கினா மட்டும் எண்ணு. பழைய ஐடியா தான், 1929ல போத்தே, கோல்ஹோர்ஸ்டர்ங்கற ஜெர்மன் விஞ்ஞானிங்க ரெண்டு கைகர் ட்யூபு நடுவுல தங்கக் கட்டிய வெச்சு பாத்தாங்க, அப்பவும் துளைச்சுட்டு போச்சு. நமக்கு தங்கத்துக்கு வக்கு இல்ல, காசிமேட்டுல வலைக்கு கட்டற ஈயக் குண்டு வாங்கி சுத்தியால தட்டி மூணு மில்லிமீட்டர் தகடாக்கி நடுவுல வெச்சேன் (தட்டின கைய சோப்பு போட்டு கழுவுங்க, ஈயம்). ஒரு எலக்ட்ரான் ரெண்டு ட்யூபுலயும் பாயறத அது தடுக்கும்.

ரெண்டும் வந்தா எண்ணுன்னா 'AND' கேட்டு (ரெண்டு சிக்னலும் மேல இருந்தா மட்டும் மேல போற சர்க்யூட்டு) தானேன்னு சிடி4081ங்கற ஐசி வாங்கினேன். வீட்டுக்கு வந்து மாட்டினா எது ஒண்ணு வந்தாலும் அடிக்குது. தலைய பிச்சுக்கிட்டு ரெண்டு நாள் கழிச்சு தான் உறைச்சுது, இந்த போர்டோட பல்ஸு தலைகீழ், சும்மா இருக்கும்போது 5 வோல்ட்டு, டிக்கினா கீழ விழும். ரெண்டும் கீழ இருந்தா மட்டும் கீழ போற கேட்டு வேணும்னா அது 'OR' கேட்டு, சிடி4071. திரும்ப மெட்ரோ. ஐசிய விட டிக்கெட் காசு ஜாஸ்தி.

பல்ஸு நீளமா இருந்தா சும்மா தற்செயலா ரெண்டும் ஒண்ணா விழற கணக்கும் ஏறும், அதனால ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு 10 நானோஃபாரட் கெப்பாசிட்டர், ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு 100 மைக்ரோசெகண்டு அளவுக்கு சுருக்கினேன். கணக்கு போட்டு பாத்தா தற்செயல் ஒரு நாளைக்கு மூணு வரும். நெசமா வர்றது நிமிஷத்துக்கு மூணு! மொத தடவை ஓட விட்டப்ப நிமிஷத்துக்கு பன்னெண்டு வந்துச்சு, குதிச்சேன், அப்புறம் பாத்தா ரெண்டு போர்டும் ஒரே சப்ளையில ஓடினதால ஒண்ணு டிக்கினா இன்னொண்ணும் சேந்து துள்ளுது. தனித்தனி சார்ஜர் குடுத்து ரெண்டையும் வேற வேற பிஸ்கட் டப்பாவுல வெச்சதும் மூணுக்கு வந்து நின்னுச்சு.

மியூவான் தானான்னு எப்படி தெரியும்? ஜோடிய அப்படியே பக்கவாட்டுல திருப்பி ரெண்டு ட்யூபையும் ஒரே மட்டத்துல வெச்சேன், ஒரு ட்யூப தனியா பாத்தா அதே 25 தான், ஆனா சேந்து வர்றது நிமிஷத்துக்கு ஒண்ணுக்கும் கீழ விழுந்துச்சு. திரும்ப மேல கீழ, மூணு. நேர் மேல இருந்து தான் வருது. ராத்திரி பதினோரு மணி, ஹால் லைட்டெல்லாம் அணைச்சுட்டு ஒத்த எல்இடிய மட்டும் பாத்துட்டு உக்காந்திருந்தேன், ஒவ்வொரு மின்னலும் மேல் வீட்டு மாமா தலை வழியா வந்து, எங்க சீலிங்க துளைச்சு, என் ட்யூபு ரெண்டையும் தாண்டி, கீழ் வீட்டுக்கு போயிட்டு இருக்கு. மாமா கிட்ட சொல்லல.

ஊட்டியில கிரேப்ஸ்-3ன்னு டிஐஎஃப்ஆர் (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்) நடத்தற மியூவான் டெலஸ்கோப்பும் கேஸ் அடைச்ச குழாய், நடுவுல ஹை வோல்ட்டேஜு கம்பிங்கற இதே சங்கதி தான், அவங்க கிட்ட ஆறு மீட்டர் நீளத்துல 3,712 குழாய் இருக்கு, என் கிட்ட ரெண்டு. 2014 டிசம்பர் 1ம் தேதி அங்க மேல போன ஒரு இடிமேகத்துல 130 கோடி வோல்ட்டு இருந்துச்சுன்னு மியூவான் எண்ணிக்கை குறைஞ்சத வெச்சே கண்டுபிடிச்சாங்க. நானும் ஒரு இடி மழையில லாக் பண்ணி பாத்தேன், நிமிஷத்துக்கு மூணு வர்ற கருவியில அதெல்லாம் தெரியாது.

வாங்கப் போறவங்களுக்கு ஒரே ஒரு கண்டிஷன். டெஸ்ட் பண்ண சோர்ஸ் வேணும்னு ஸ்க்ராப் கடையில தேடாதீங்க, பழைய ஸ்மோக் டிடெக்டர (சிலதுல கதிர்வீச்சு பொருள் இருக்கும்) பிரிக்காதீங்க. 2010ல டெல்லி மாயாபுரி காயலான் கடையில கோபால்ட்-60ங்கற கதிர்வீச்சு பொருள் இருந்த சாமான பிரிச்சு ஒருத்தர் செத்தே போனாரு. மழையும் வானமும் இலவசமா குடுக்கறதே போதும்.

ஸ்டார் போட்டே ஆகணும்னா, ஒத்த கிட்டுக்கு ரெண்டரை. ஜோடியா நாலு, மிச்ச ஒண்ணு அந்த "விஇன்" பின்னுக்கும் கறுப்பு குழாய் குடுக்காததுக்கும் கழிச்சது. ரெண்டு போர்டு, எக்ஸ்ட்ரா ட்யூபு, ஆர்டுயினோ நானோ, சில்லறை சாமான் எல்லாம் சேத்து எனக்கு 7,500 கிட்ட ஆச்சு, செத்த ட்யூபு இல்லன்னா இன்னும் கம்மி. வாங்கும்போது கடையிலயே கரண்டு குடுத்து ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்க, 15ல இருந்து 35க்குள்ள இருந்தா எடுத்துக்கோங்க, சும்மா கெடந்தாலோ விடாம கத்தினாலோ வேற பீஸ் கேளுங்க. ட்யூப விரலால தொடாதீங்க, 400 வோல்ட்டு சுளீர்னு அடிக்கும். சிடி4071ன்னு தெளிவா எழுதிட்டு போங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் போயிடாதீங்க, ஷட்டர தான் பாத்துட்டு வரணும்.